சோதனைக்கு மட்டும் ஓட்டலாம்

சான் விசென்தே, ஸ்பெயின்
12 பிப்ரவரி 1996

அன்புள்ள தாம்சின்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் பஸ்ஸில் மடங்கிக் கிடந்ததால் முழங்கால் என்னோடு பேசமாட்டேன் என்கிறது, மற்றபடி குறையொன்றும் இல்லை. உன் இருமல் இறங்கியதா? அந்தக் கறுப்பு மருந்தைக் குடிக்கிறாயா, இல்லை ஜன்னலுக்கு வெளியே ஊற்றுகிறாயா?

கார் இருக்கிறது. எவுசேபியோவின் பட்டறைச் சுவரோரம், நவம்பரில் கெரென்சா நிறுத்திய அதே இடத்தில். கூரை முழுக்கக் கடற்பறவை எச்சம். பச்சை நிறம் என்று சொன்னால்தான் தெரியும். அன்றைக்கு அவளை விமானத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம், காரை யாரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் யார் ஓட்டியிருப்பது?

பட்டறைக்கு மேலே அவள் இருந்த அறையில்தான் படுக்கை. எவுசேபியோவின் மனைவி பெகோனியா அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறாள். என் தோளுக்குக்கூட வரமாட்டாள், ஆனால் வாய் பெரியது. "நெட்டை, உன் காலு ரெண்டும் கட்டிலுக்கு வெளிய தொங்குது. ஒரு ஸ்டூலு போடட்டா, இல்ல காலை வெட்டிப்புடலாமா?" என்கிறாள். இதையெல்லாம் கெரென்சா கற்றுக்கொடுத்த ஆங்கிலமும் கையும் கலந்து சொல்கிறாள்.

பேட்டரி செத்துவிட்டது. எவுசேபியோ இரண்டு நாளில் உயிர் கொடுத்துவிடுவான். கார் ஏற்றும் பிளிமத் படகு மார்ச் நடுவில்தான் தொடங்குகிறது, அதனால் பிரான்ஸ் வழியாக ஓட்டி வந்துவிடுகிறேன். மாதம் முடிவதற்குள் கார் நம் வாசலில் நிற்கும்.

இருமலைப் பார்த்துக்கொள்.
பெர்ரன்


லிஸ்கர்ட், கார்ன்வால்
20 பிப்ரவரி 1996

அன்புள்ள பெர்ரன்,

கடிதம் கிடைத்தது. மருந்தைக் குடிக்கிறேன், நம்பு. இருமல் பாதி போயிருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் பள்ளிக்குப் போக முடிந்தால் மீதியும் போய்விடும். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒற்றடம் போதும், ஸ்பெயின் வைத்தியம் எதுவும் வேண்டாம்.

காரின் பதிவு இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது, அவளுக்குக் கொடுத்தபோது மாற்றவில்லை. அதனால் காகிதங்கள் எனக்கு வருகின்றன. தகுதிச் சான்றிதழ் மார்ச் ஒன்பதாம் தேதி முடிகிறது. அது இல்லாமல் கண்ணாடியில் ஒட்டும் சாலை வரி வில்லை கிடைக்காது. வில்லை இல்லாமல் இங்கே சாலையில் ஓட்டக் கூடாது. இன்றிலிருந்து பதினெட்டு நாள் இருக்கிறது. பிரான்ஸைக் கடக்க மூன்று நாள் போதும்.

உன்னை நம்பாமல் எழுதவில்லை. கணக்கு டீச்சருக்குத் தேதிகளைத்தான் பிடித்துக்கொள்ளத் தெரியும்.

வீட்டில் எல்லாம் அப்படியே. சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்தேன். நிறையப் பனி.

தாம்சின்


சான் விசென்தே
3 மார்ச் 1996

அன்புள்ள தாம்சின்,

நலந்தானே? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பெகோனியா கொண்டைக்கடலையும் கொழுப்பும் போட்டு ஒரு குழம்பு வைக்கிறாள், அதைத் தின்றுவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றாது.

பேட்டரி சரியாகிவிட்டது. ஆனால் பிரேக் குழாய் ஒன்று துருப்பிடித்திருக்கிறது. சாமான் சாந்தான்டரிலிருந்து வர வேண்டும். ஒரு வாரமாக விடாத மழை வேறு. அவசரப்பட்டு மலைப்பாதையில் மாட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை எவுசேபியோ காரைப் பட்டறைக்குள் எடுத்துவிடப் பார்த்தான். நான் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். பாவம், நல்ல மனுஷன். பிறகு மன்னிப்புக் கேட்டேன். "ஏன்பா கத்துற? உள்ள வச்சா நனையாதேன்னுதான்பா" என்றான். நாங்கள் இருவரும் வெளியிலிருந்து தள்ளி உள்ளே கொண்டுபோனோம்.

சந்தைக்குப் போனால் மீன்காரி என்னைப் பார்த்து "கெரென்சாவோட அப்பா" என்கிறாள். பெயரைக் கொஞ்சம் கோணலாகத்தான் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது.

ஒன்பதாம் தேதிக்குள் வர முடியாது போலிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

பெர்ரன்


லிஸ்கர்ட்
12 மார்ச் 1996

அன்புள்ள பெர்ரன்,

இருமல் போய்விட்டது, தூக்கம் வரவில்லை. அதற்கு மருந்து எழுதித் தருகிறேன் என்றார் டாக்டர், வேண்டாமென்றேன்.

சனிக்கிழமையோடு சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. விதியைப் படித்துப் பார்த்தேன். சான்றிதழ் இல்லாத காரை இந்த நாட்டுச் சாலையில் ஒரே ஒரு காரணத்துக்காக ஓட்டலாம்: முன்கூட்டியே நேரம் வாங்கிய சோதனைக்கு. வழியில் வேறெங்கும் போகக் கூடாது. அதாவது படகிலிருந்து இறங்கி நேராகச் சோதனைக்கு.

அதனால் பிளிமத்துக்குப் போய்ப் பாஸ்கோவைப் பார்த்தேன். டாக்யார்டில் கப்பல் வேலையில் உன்னோடு இருந்தவர்தான். ஆட்குறைப்புப் பணத்தில் துறைமுகத்துக்குப் பின்னால் சோதனை நிலையம் வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றும் இல்லாதபோதும். "எப்ப வேணா வரட்டும் அம்மணி. தேதி மட்டும் சொல்லுங்க, அட்டை போட்டுத் தர்றேன்" என்றார்.

தேதியைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

தாம்சின்


சான் விசென்தே
2 ஏப்ரல் 1996

அன்புள்ள தாம்சின்,

தூங்குகிறாயா? பாலில் கொஞ்சம் ஜாதிக்காய் உரசிப் போட்டுக் குடி. என் முழங்கால் இப்போது நண்பன்.

நல்ல செய்தி! இங்கேயும் கார்களுக்குச் சோதனை உண்டு. பக்கத்து ஊரில் இருக்கிறது. வெளிநாட்டுக் கார் என்றாலும் கேட்டுக்கொண்டால் பார்க்கிறார்கள். நேற்று போனோம். விளக்கு, பிரேக், புகை எல்லாம் பார்த்தார்கள். ஒரே ஒரு குறை, இடது கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில் கொஞ்சம் துரு. ஆனாலும் தேறியது என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். போஸ்ட் ஆபீஸில் இதைக் காட்டி வரி வில்லையை வாங்கிவிடு. இனி எந்த அவசரமும் இல்லை.

பெகோனியாதான் ஓட்டினாள். வழியெல்லாம் ஸ்டீயரிங் தப்பான பக்கம் இருக்கிறது என்று திட்டிக்கொண்டே வந்தாள். "உங்க நாட்டுல எல்லாருக்கும் மூளையும் வலது பக்கந்தானா?" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

பெர்ரன்


லிஸ்கர்ட்
11 ஏப்ரல் 1996

அன்புள்ள பெர்ரன்,

நீ சிரித்ததில் சந்தோஷம். ஜாதிக்காய் வேலை செய்யவில்லை.

உன் காகிதத்தை எடுத்துக்கொண்டு போஸ்ட் ஆபீஸில் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். "இது என்னங்க, ஸ்பெயின்ல பரிசுச் சீட்டா?" என்றாள். விளக்கினேன். "நல்லாத்தான் இருக்கு முத்திரை. ஆனா நம்மளோடது இல்லியே" என்றாள். என் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இது அங்கே உன்னைப் போலீஸிடமிருந்து காப்பாற்றலாம். கப்பலை விட்டு இறங்கியதும் வெறும் தாள். உனக்கு இது தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

ஒன்று கேட்கிறேன். முப்பது வருடமாகக் கார் ஓட்டுகிறாய். பக்கத்து ஊருக்கு ஏன் பெகோனியா ஓட்டினாள்? கையில் ஏதாவது அடியா? கண்ணா? மறைக்காமல் எழுது.

மே ஏழு, செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணி. பாஸ்கோவின் அட்டையை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமைப் படகில் ஏறினால் சரியாக இருக்கும். நான் பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு வருகிறேன்.

தாம்சின்


லிஸ்கர்ட்
8 மே 1996

பெர்ரன்,

என் ஏப்ரல் கடிதத்துக்குப் பதில் இல்லை. பதில் இல்லாததை வருகிறாய் என்று எடுத்துக்கொண்டது என் தவறு.

நேற்றுப் படகிலிருந்து கடைசி வண்டி இறங்கும்வரை நின்றேன். முதலில் லாரிகள், பிறகு கேரவன் வண்டிகள், பிறகு கார்கள். ஒரு பச்சைக் கார் வந்தது. அது வேறு பச்சை. சங்கிலியைப் போட்டுவிட்டுக் காவலாளி கேட்டார், "யாரையாச்சும் எதிர்பார்க்குறீங்களா?" ஒரு காரை என்றேன்.

பாஸ்கோவிடம் போய்ச் சொன்னேன். தேநீர் கொடுத்தார். வேறு தேதி எழுதட்டுமா என்று அவர் கேட்கவில்லை, அதற்கு நன்றியோடு இருந்தேன்.

உடம்பு சரியில்லை என்றால் சொல். வேறு எதுவாக இருந்தாலும் சொல்.

தாம்சின்


சான் விசென்தே
14 மே 1996

அன்புள்ள தாம்சின்,

என் உடம்பில் ஒரு குறையும் இல்லை. இந்தத் தாளைத்தான் எத்தனையோ தடவை கிழித்துவிட்டேன்.

கார் பிப்ரவரி பதினைந்தாம் தேதியே தயார். பிரேக் குழாய் நான் கட்டிய கதை. மழை மட்டும் உண்மை.

வந்த மறுநாள் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன். இருக்கை ஸ்டீயரிங்கை ஒட்டி முன்னால் இருந்தது. என் கால் உள்ளே நுழையவில்லை. அடியில் இருக்கும் கம்பியைத் தூக்கிப் பின்னால் தள்ள வேண்டும், அவ்வளவுதான். குனிந்து கம்பியைப் பிடித்தேன். பிடித்தபடியே இருந்தேன். எவுசேபியோ வந்து, "என்னப்பா, ஏதாச்சும் விழுந்துருச்சா?" என்று கேட்கும்வரை.

அவள் துணிகளைப் பெகோனியா துவைத்து மடித்துவிட்டாள். விரிப்பை மாற்றிவிட்டாள், காபிக் கோப்பையைக் கழுவிவிட்டாள். நல்ல மனசோடுதான் செய்தாள். யாரும் கைவைக்காமல் மிஞ்சியது அந்த இருக்கை ஒன்றுதான். கெரென்சா உட்கார்ந்து எழுந்தபடியே இருக்கிறது. காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் மாலை சந்தையிலிருந்து ஓட்டிவந்தாளாம். நான் தள்ளிவிட்டால் மறுபடி அதே இடத்துக்கு வருமா என்று யார் சொல்வது? அன்றைக்கு எவுசேபியோவிடம் கத்தியதும் அதற்குத்தான். அவனும் என்னைப் போல் நீளக்காலன். பெகோனியா குட்டை, அவளுக்கு நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

மாலையில் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்கிறேன். அது பின்னால் தள்ளியே இருக்கிறது. செப்டம்பரில் படகுவரை அவளோடு நான் வந்தேனே, அப்போது வைத்தது.

துறைமுகத்தில் நீ நின்றதைப் படித்தேன். என்ன எழுதுவது?

பெர்ரன்


லிஸ்கர்ட்
20 மே 1996

அன்புள்ள பெர்ரன்,

படித்தேன். இரண்டு முறை.

அடுத்த வாரம் அரைப்பருவ விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை படகில் வருகிறேன், திங்கள் மாலை சாந்தான்டர் துறைமுகம். பஸ்ஸுக்குக் காத்திருக்கச் சொல்லாதே, வந்து நில்.

அவளும் நானும் ஐந்தடி மூன்று அங்குலம். இந்தக் காரில்தான் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். மாறி மாறி உட்கார்ந்தபோது ஒருநாளும் இருக்கையை நகர்த்தியதில்லை. நான் ஓட்டுகிறேன்.

வியாழக்கிழமை, மே முப்பது, பகல் மூன்று மணி. பாஸ்கோ அட்டை கொடுத்துவிட்டார்.

தாம்சின்


பிளிமத், பாஸ்கோவின் சோதனை நிலையம்
30 மே 1996

அன்புள்ள பெர்ரன்,

நலமாகக் கரையேறினேன். கடல் அமைதியாக இருந்தது. அறைச் சாவியை ஒப்படைத்துவிட்டு அடுத்த படகில் வருவதாகத் துறைமுகத்தில் சொன்னாய். அதற்குள் இது கிடைக்குமோ என்னவோ, இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கண்ணாடியைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. பின்னால் பார்த்தபோதெல்லாம் அவள் பார்த்த உயரத்திலிருந்தே பார்த்தேன். அறுபது கிலோமீட்டர் அப்படி. நீ பக்கத்து இருக்கையில் வந்தாய், நல்லதாகப் போயிற்று.

இங்கே துறைமுகத்திலிருந்து நாலு தெரு. போலீஸ்காரர் எதிர்ப்பட்டால் காட்டலாம் என்று அட்டையைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

நாம் இருவரும் யோசிக்காத ஒன்று இருந்தது. பாஸ்கோ கதவைத் திறந்து இருக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கப்பலில் வந்த களைப்பில் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தேன். "அம்மணி, சீட்டு நகருதா, நகர்ந்த எடத்துல பூட்டிக்குதான்னு பாத்தே ஆகணும். புத்தகத்துல இருக்கு. பிரேக்கு அழுத்த நானும் உள்ள உக்காரணும், என் காலை எங்க வைப்பேன்?" என்றார். பிறகு, "வேணும்னா இன்னைக்கு வேண்டாம். இன்னொரு நாள் எழுதிக்கலாம்" என்றார்.

இன்னொரு நாளும் புத்தகம் அதேதான் சொல்லும். நானே செய்கிறேன் என்றேன். அவர் வெளியே போய் எதையோ தேடினார்.

கம்பியைத் தூக்குவதற்கு முன்னால் தரையில் படுத்து விளக்கடித்துப் பார்த்தேன். இருக்கை ஓடும் இரும்புத் தடத்தில் வரிசையாகப் பற்கள். மொத்தம் ஒன்பது. அது முன்னாலிருந்து மூன்றாவதில் பூட்டியிருந்தது. அட்டையின் பின்புறம் எழுதிக்கொண்டேன். பிறகு தள்ளினேன். பலமே வேண்டியிருக்கவில்லை. அடியில் ஏதாவது கிடக்கும் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மணல் இருந்தது.

மறுபடி முன்னால் இழுத்தேன். மூன்றாவதில் டக்கென்று விழுந்தது. உட்கார்ந்து பார்த்தேன். அதே இடம்தான், பெர்ரன். மறுபடி வருமா என்று கேட்டிருந்தாயே, வருகிறது.

சோதனையில் தேறவில்லை. உன் ஸ்பெயின்காரர்கள் பெரிய மனது பண்ணி விட்ட இடது தகடு. பாஸ்கோ ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தட்டினார், உள்ளே போய்விட்டது. ஒட்டுப்போட்டு மறுசோதனை ஜூன் பன்னிரண்டு. டாக்யார்டில் உனக்கும் பாஸ்கோவுக்கும் ஒரே அளவு மேலங்கியாமே. அவரை உட்காரவைத்துப் பார்த்தேன். உன்னுடையது எட்டாவது பல். இருக்கையை அங்கே விட்டிருக்கிறேன். நீயே வந்து வீட்டுக்கு ஓட்டிவா.

குங்குமப்பூ ரொட்டி செய்துவைக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒருதரம்கூட எனக்கு உப்பவில்லை, தெரியும்.

தாம்சின்


சான் விசென்தே
7 ஜூன் 1996

அன்புள்ள தாம்சின்,

நீ நலமாக இறங்கியதில் நிம்மதி. அட்டையின் பின்னால் எழுதிவைத்தாயே, அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

நான் அடுத்த படகில் ஏறவில்லை. அதற்கடுத்ததிலும் ஏறவில்லை. சாவியைக் கொடுக்கத்தான் போனேன். பெகோனியா கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. இந்தத் தடவை அவள் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

காரைக் கொண்டுவரத்தான் இங்கே இருக்கிறேன் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது பட்டறைக்குள் ஒரு எண்ணெய்க் கறைதான் இருக்கிறது. நான் அப்படியே இருக்கிறேன்.

இங்கே அவள் பெயரைத் தினமும் யாராவது சொல்கிறார்கள். அவள் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் தெருவில் என்னை நிறுத்தித் தப்புத் தப்பாக ஆங்கிலம் பேசுகிறார்கள். அங்கே என்னைக் கண்டால் எல்லோரும் வானிலை பேசுகிறார்கள், இல்லையென்றால் தெருவைக் கடந்துவிடுகிறார்கள். மனசு கெட்டவர்கள் இல்லை, தெரியும். நீயும்தான், தாம்சின். பிப்ரவரியிலிருந்து வந்த உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை. குற்றமாகச் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு மாதிரி.

பன்னிரண்டாம் தேதிக்கு என்னை எதிர்பார்க்காதே. அதற்குப் பிறகு எப்போது என்றும் கேட்காதே, பொய் சொல்ல எனக்கு இனி பிடிக்கவில்லை. காரை நீயே எடுத்துக்கொள். பஸ் நிறுத்தத்தில் நிற்காதே.

பெர்ரன்


லிஸ்கர்ட்
17 ஜூன் 1996

அன்புள்ள பெர்ரன்,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்த அறை ஈரமானது. தரையில் ஏதாவது விரித்துக்கொள்.

கார் தேறிவிட்டது. சான்றிதழ் அடுத்த வருடம் ஜூன் பதினொன்றுவரை செல்லும். வரி வில்லையும் வாங்கி ஒட்டியாகிவிட்டது. போஸ்ட் ஆபீஸ் பெண், "இது நம்மளோடதுதான்" என்றாள்.

எனக்குத் தலைவலி என்று பாஸ்கோவிடம் சொன்னேன், அதனால் அவரே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டார். அவருக்கு எதையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. "இந்தாங்க அம்மணி சாவி. வெண்ணெ மாதிரி போவுது, ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க" என்றார். நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன். அது புதன்கிழமை. இன்று திங்கள்.

நீ கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தது சரி. எழுத உட்கார்ந்தால் கை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது, உன் கை அந்தக் கம்பியில் நின்றது போல. ஒரே ஒரு தடவை எழுதியிருக்கிறேன். சோதனை அட்டையின் பின்னால், பென்சிலில். உனக்கு இதில் எழுதிவிடுகிறேன்: முன்னாலிருந்து மூன்றாவது, கெரென்சா. எட்டாவது, பெர்ரன். அட்டை காரிலேயே இருக்கிறது.

எதிர்வீட்டுக்காரி இன்று காலை கேட்டாள், "கார் வாசல்லயே நிக்குது, நீங்க என்னடான்னா குடையைத் தூக்கிக்கிட்டு ஓடுறீங்க?" பஸ் பழகிவிட்டது என்றேன்.

இருக்கை எட்டாவதில்தான் இருக்கிறது. பள்ளிக்கு ஏழேகாலுக்கு ஒரு பஸ், எட்டுக்கு ஒரு பஸ். இருமல் லேசாகத் திரும்பியிருக்கிறது, கவலைப்படும்படி இல்லை.

தாம்சின்